எரிந்த வீடும் எழுதிய ஏடும்

தமிழர் இல்லத்தில் தீக்குப் பல முகங்கள் உண்டு. அடுப்பில் எரிவதும் அதுவே. விளக்கில் சுடர்வதும் அதுவே. மணவறையில் சான்றாக நிற்பதும் இறுதியில் உடலை ஏற்பதும் அதுவே. இத்துணை நெருக்கமான ஒன்று ஒருநாள் எல்லை மீறிக் கூரையைப் பற்றிக்கொள்ளுமாயின், ஒரு குடும்பம் இருபது ஆண்டுகளில் சேர்த்தவை அரைமணி நேரத்தில் சாம்பலாகிவிடுகின்றன. அந்தச் சாம்பலிலிருந்து ஒரு குடும்பம் எவ்வாறு எழுகிறது? இழப்பை யார் ஏற்கின்றனர்? எழுந்தவர்க்கும் எழ இயலாதவர்க்கும் இடையே உள்ள வேறுபாடு யாது? இவ்வினாக்களுக்கு விடை தேடப் புகின், அது வீட்டின் வரலாறாகத் தொடங்கி, சொத்துரிமையின் வரலாறாக விரிகின்றது. கெடா மாநிலத்தின் தென்பகுதியிலுள்ள லூனாஸ் வட்டாரத்துத் தமிழரின் வாழ்வை இக்கோணத்தில் நோக்குவது பயனுடையதாகும்.

பத்து வீட்டுக்கு ஒரு கூரை

லூனாஸ், கூலிம் மாவட்டத்தைச் சேர்ந்த சிறு நகரம். கூலிமும் பாடாங் செராயும் அதன் அண்டை ஊர்கள். பினாங்குத் துறைமுகத்தின் மறுகரையான பட்டர்வொர்த் தொலைவில் இல்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இவ்வட்டாரத்துக் காடுகள் அழிந்து ரப்பர்த் தோட்டங்கள் எழுந்தன. கங்காணிகள் வழியாகத் தமிழகத்து ஊர்களிலிருந்து ஆள் சேர்க்கப்பட்டது. இந்திய அரசு 1938இல் உதவி பெற்ற குடியேற்றத்தைத் தடை செய்யும்வரை இவ்வரவு ஏற்றத்தாழ்வுகளுடன் தொடர்ந்தது.

வந்தவர்கள் குடியேறிய இடம் லயம். நீண்ட ஒரே கூரை. அதன்கீழ் வரிசையாக அறைகள். தொடக்கத்தில் பலகையும் அத்தாப்பும், பின்னர்ப் பலகையும் துத்தநாகத் தகடும் அக்கட்டடங்களின் பொருள்கள். பல லயங்களில் இரு குடும்பங்களைப் பிரித்த பலகைச் சுவர் கூரைவரை எட்டுவதில்லை. ஒரு வீட்டில் குழந்தை அழுதால் அடுத்த வீட்டிலும் உறக்கம் கலையும். ஒரு வீட்டு அடுப்பின் புகை எல்லா வீட்டுக்கும் உரியது. ஒரு வீட்டில் பற்றிய தீயும் அவ்வாறே. விறகடுப்பும் மண்ணெண்ணெய் விளக்கும் இருந்த காலத்தில், விடியற்காலை இருளில் பெரட்டுக்குப் புறப்படும் பரபரப்பில், அணைக்க மறந்த ஒரு விளக்கு ஒரு லயத்தையே அழிக்கப் போதுமானதாயிருந்தது. பெரியவர்கள் பால்மரம் சீவச் சென்றுவிட்ட நேரத்தில் லயத்தில் எஞ்சியிருந்தவர்கள் முதியோரும் குழந்தைகளுமே என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

லயம் எரிந்தால் இழப்பு யாருக்கு? கட்டடம் தோட்டத்து முதலாளிக்கு உரியது. அதற்குக் காப்புறுதி எடுக்கும் உரிமையும் அவருடையதே. தொழிலாளிக்கு உரியவை தகரப் பெட்டியும் அதனுள் இருந்த புடவைகளும், சிறுகச் சிறுகச் சேர்த்த நகையும், வெண்கலப் பாத்திரங்களும், தையல் இயந்திரம் இருந்தால் அதுவும், மகளின் திருமணத்துக்கென முடிந்துவைத்த பணமுமே. இவற்றுக்கு எவரிடத்தும் பட்டியல் இல்லை. எந்த ஏட்டிலும் பதிவு இல்லை. கட்டடத்தின் இழப்பைக் கணக்கிட முடியும். பெட்டியின் இழப்பை அதை இழந்தவள் மட்டுமே அறிவாள்.

ஆயினும் அவ்வாழ்வில் உதவியே இல்லை என்று கூறிவிட முடியாது. அடுத்த லயத்தார் இடம் தந்தனர். கோயில் மண்டபம் சில நாள் வீடாயிற்று. துண்டை விரித்து வசூல் செய்தனர். அரிசியும் பாயும் வந்தன. தோட்ட அலுவலகத்தில் முன்பணம் கிடைத்தால் அது கடனாகவே வந்தது. இறப்புக்கெனப் பல தோட்டங்களில் மரண சகாய நிதிகள் இயங்கின. மாதந்தோறும் சிறு தொகை செலுத்தியவரின் வீட்டில் சாவு நேர்ந்தால் அடக்கச் செலவுக்குப் பணம் வரும். பலர் சேர்ந்து ஒருவரின் துயரைத் தாங்குதல் என்னும் காப்புறுதியின் உயிர்க்கருத்தைத் தோட்டத்துத் தமிழர் நன்கறிந்திருந்தனர். ஆனால் அக்கருத்து சாவுக்கு முறையான நிதியாக வளர்ந்தது. தீக்கு இரக்கமாகவே நின்றுவிட்டது. சொந்த வீடு இல்லாத இடத்தில் வீட்டுக்கென ஒரு நிதி தோன்றாமை வியப்பன்று.

இலண்டன் எழுப்பிய வினா

எரிந்த வீட்டின் இழப்பு யாரைச் சேரும் என்னும் வினாவுக்கு உலகம் விடை தேடிய கதை பழமையானது. 1666ஆம் ஆண்டு செப்டம்பர் 2ஆம் நாள், இலண்டன் மாநகரில் புட்டிங் லேன் என்னும் தெருவில் ஒரு ரொட்டிக் கடைக்காரரின் வீட்டில் தீப்பற்றியது. நான்கு நாளில் ஏறத்தாழ 13,200 வீடுகளும் 87 தேவாலயங்களும் அழிந்தன. மரத்தால் கட்டிய வீடுகள் நெருங்கி நின்றமையும், வறண்ட கோடைக்குப்பின் வீசிய காற்றுமே அழிவின் காரணங்கள்.

தீ அணைந்தபின் எழுந்த துயர் விந்தையானது. வாடகைக்குக் குடியிருந்தோர் பலர், தம் ஒப்பந்தத்தின்படி, எரிந்துபோன வீட்டுக்கு வாடகை செலுத்தவும் அதைத் தம் செலவில் மீண்டும் கட்டித்தரவும் கடமைப்பட்டிருந்தனர். வீடும் போயிற்று, பொருளும் போயிற்று, கடன் மட்டும் எஞ்சிற்று. இவ்வழக்குகளைத் தீர்க்க ‘தீ நீதிமன்றம்’ ஒன்று சட்டத்தால் அமைக்கப்பட்டு, 1667இல் வழக்குகளைக் கேட்கத் தொடங்கியது. நீதிபதிகள் எழுதிய ஒப்பந்தத்தை மட்டும் நோக்கவில்லை. வீட்டுக்காரர், குடியிருப்போர் ஆகிய இரு சாராரின் ஆற்றலையும் நோக்கினர். மீண்டும் கட்ட வல்லவருக்கு நீண்ட காலக் குத்தகையும் குறைந்த வாடகையும் அளித்துச் சுமையைப் பங்கிட்டனர். நகரம் விரைந்து எழுந்ததற்கு இந்நீதிமன்றமும் ஒரு காரணம் என்பர்.

ஆயினும் நீதிமன்றம் இழப்பைப் பங்கிட்டதேயன்றி ஈடு செய்யவில்லை. ஈடு செய்யும் முறையைத் தொடங்கியவர் நிக்கலஸ் பார்பன் என்னும் மருத்துவர். வீடு கட்டி விற்றவருங்கூட. 1680ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவர் நிறுவிய தீக் காப்பு அலுவலகம், ஆண்டுதோறும் சிறு தொகை பெற்று, எரிந்த வீட்டைக் கட்டித்தர உறுதி கூறியது. செங்கல் வீட்டினும் மர வீட்டுக்குக் கட்டணம் இருமடங்கு. ஆபத்தை அளந்து விலை குறிக்கும் முறை அங்கே பிறந்தது. 1696இல் ‘கைக்குள் கை’ என்று பொருள்படும் பெயருடன் உறுப்பினர்களே உரிமையாளர்களான சங்கம் ஒன்று தோன்றியது. 1710இல் ‘சன்’ நிறுவனம் வந்தது. இந்நிறுவனங்கள் தம்மிடம் பதிவுசெய்த வீடுகளின் முகப்பில் உலோக முத்திரைத் தகடு பதித்தன. தமக்கெனத் தீயணைப்போரையும் வைத்திருந்தன. காப்புறுதிக்கும் தீயணைப்புக்கும் உள்ள உறவு அன்று தொட்டது.

ஒரு நகரம் முழுதும் எரிந்தால் ஒரு நிறுவனம் தாங்குமா என்னும் ஐயம் 1842இல் ஜெர்மனியின் ஹம்பர்க் நகரம் எரிந்தபோது எழுந்தது. 1861இல் சுவிட்சர்லாந்தின் கிளாருஸ் ஊர் எரிந்தபின், காப்புறுதி நிறுவனங்களுக்கே காப்பளிக்கும் நிறுவனமாகச் சுவிஸ் ரீ 1863இல் தோன்றியது. தனி வீட்டைத் தெரு தாங்க, தெருவை நகரம் தாங்க, நகரத்தை உலகம் தாங்கும் அமைப்பு இவ்வாறு படிப்படியாக உருவாயிற்று.

செங்கல் தந்த பெயர்

மலாயாவில் இவ்வரலாற்றின் எதிரொலி கோலாலம்பூரில் கேட்டது. 1881ஆம் ஆண்டு சனவரி 4ஆம் நாள் அந்நகரம் தீக்கு இரையாயிற்று. அபினிக் கடை ஒன்றில் கவிழ்ந்த எண்ணெய் விளக்கே காரணம் என்று கூறுவர். மரமும் அத்தாப்பும் கொண்ட கடைகளும் வீடுகளும் பெரும்பாலும் அழிந்தன. அதே ஆண்டு திசம்பரில் வெள்ளமும் வந்தது. சீனர் தலைவரான யாப் ஆ லோய் நகரைத் திரும்ப எழுப்பினார். 1882இல் சிலாங்கூரின் ரெசிடெண்டாகப் பொறுப்பேற்ற பிராங்க் சுவெட்டன்ஹாம், கட்டடங்கள் செங்கல்லாலும் ஓட்டாலும் அமைதல் வேண்டும் என்னும் விதியை 1884இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார். செங்கல் தேவை பெருகிற்று, சூளைகள் எழுந்தன. அச்சூளைகள் இருந்த பகுதியே பிரிக்பீல்ட்ஸ். பின்னாளில் மலேசியத் தமிழர் வாழ்வோடு பிரிக்க முடியாதபடி கலந்துவிட்ட அவ்விடத்தின் பெயரில் ஒரு நகரம் எரிந்த நினைவு மறைந்திருக்கிறது.

கோலாலம்பூர் 1884இல் செங்கல்லுக்கு மாறியபோதும், அதற்குப் பின் எழுந்த தோட்டத்து லயங்கள் பலகையிலேயே நின்றன என்பது சிந்தனைக்குரியது. நகரில் எரிவது வணிகரின் சொத்து. அதைக் காக்க விதி விரைந்து வந்தது. தொழிலாளர் குடியிருப்பின் குறைந்த அளவுத் தரத்தை வரையறுக்கும் தனிச் சட்டம் மலேசியாவில் 1966இல்தான் இயற்றப்பட்டது; அது 1990இல் விரிவான புதிய சட்டமாயிற்று.

சிங்கப்பூர் வேறொரு வழியைக் காட்டியது. 1961ஆம் ஆண்டு மே 25ஆம் நாள், ஹஜ்ஜுப் பெருநாளன்று, புக்கிட் ஹோ சுவீ கம்பத்தில் பற்றிய தீ நால்வரைப் பலிகொண்டு, ஏறத்தாழ 16,000 பேரை வீடற்றவராக்கியது. அவர்களுக்கு மறுவாழ்வு தந்தது அரசு. அதற்கு முந்தைய ஆண்டில் நிறுவப்பட்ட வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் அந்நிலத்திலேயே அடுக்குமாடிகளைக் கட்டி எழுப்பியது. ஏட்டில் பதிவில்லாத வீடுகளை இழந்தோர், கதவு எண் உள்ள வீடுகளுக்குச் சென்றனர்.

இந்தியாவில் குடிசைகள் எரிந்தபோது பெரும்பாலும் அரசு உதவித் தொகையும் ஊராரின் இரக்கமுமே துணை. ஏழைகளின் குடிசைக்கும் காப்புறுதி வேண்டும் என்னும் எண்ணத்தில் 1988இல் இந்திய அரசு குடிசைக் காப்பீட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. கட்டணத்தை அரசே ஏற்றது; எரிந்த குடிசைக்கு 1,000 ரூபாயும் உள்ளிருந்த பொருளுக்கு 500 ரூபாயும் ஈடு. தொகை சிறிது. ஆயினும் குடிசைக்குள் இருந்த பானைக்கும் பாய்க்கும் ஒரு விலை உண்டு என்று அரசேடு ஒப்புக்கொண்டது சிறிய செய்தியன்று. 2010இல் தமிழ்நாடு அரசு குடிசைகளைக் கான்கிரீட் வீடுகளாக மாற்றும் பெருந்திட்டத்தைத் தொடங்கியபோது, தீயின் வாயிலிருந்தே வீட்டை அகற்றும் முயற்சியாகவும் அது அமைந்தது.

லயத்திலிருந்து தாமானுக்கு

விடுதலைக்குப்பின் கெடாவின் தோட்டங்களில் பெருமாற்றம் நிகழ்ந்தது. ஐரோப்பிய முதலாளிகள் தோட்டங்களை விற்றனர், வாங்கியோர் துண்டாடினர். வேலையோடு லயமும் பறிபோகும் அச்சம் பரவியது. அதனை எதிர்கொள்ளத் துன் வீ. தி. சம்பந்தன் முன்னின்று 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார். தொழிலாளர் தவணையாகச் செலுத்திய பங்குப் பணத்தால் அச்சங்கம் வாங்கிய முதல் தோட்டம் கெடாவின் புக்கிட் சீடிம். பால்மரம் சீவிய கையில் பங்குப் பத்திரம் ஒன்று வந்து சேர்ந்தது. ‘இது என்னுடையது’ என்று எழுத்தில் காட்ட வல்ல நிலை அவ்வட்டாரத்துத் தமிழர்க்கு அங்கே ஒரு தொடக்கம் பெற்றது.

பின்னர்த் தோட்டங்கள் செம்பனைக்கு மாறின. சில தொழிற்பேட்டைகளுக்கும் வீடமைப்புக்கும் இடம் தந்தன. 1996இல் கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா திறக்கப்பட்டது. லயத்துப் பிள்ளைகள் தொழிற்சாலைக்குச் சென்றனர். வங்கிக் கடன் பெற்றுத் தாமான்களில் வரிசை வீடு வாங்கினர். பத்து வீட்டுக்கு ஒரு கூரை என்பது வரிசை வீட்டிலும் ஓரளவு தொடர்ந்தது. ஆனால் இப்போது சுவர் செங்கல், சொத்து தன்னுடையது, வங்கி கேட்டதால் தீக் காப்புறுதியும் ஒன்று இருந்தது. பலர் அந்தத் தாளைக் கடன் பத்திரங்களோடு கட்டிவைத்தனர். அதில் எழுதியிருப்பதைப் படித்தவர் சிலரே.

படியாத ஏட்டின் விலை என்ன என்பதைத் தமிழர் வேறொரு வகையில் முன்னரே அறிந்திருந்தனர். 1968ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, குடியுரிமை இல்லாதோர் வேலை செய்ய அனுமதிச் சீட்டுப் பெறவேண்டியதாயிற்று. இந்நாட்டிலேயே பிறந்தும் பிறப்புப் பத்திரத்தைக் காட்ட இயலாமல் சிவப்பு அடையாள அட்டையோடு நின்றவர் பலர், கப்பலேறியவரும் பலர். பத்திரம் எடுக்காமல் விட்ட குடும்பங்களும் உண்டு. எடுத்த பத்திரத்தைக் கறையானுக்கும் வெள்ளத்துக்கும் தீக்கும் இழந்த குடும்பங்களும் உண்டு. லயத்துத் தகரப் பெட்டியில் நகையினும் விலை மிக்கதாக இருந்தது ஒரு தாள் என்பதை அக்காலம் கடுமையாகக் கற்பித்தது.

ஒப்பந்தத்தின் உள்ளே

காப்புறுதியின் விதிகள் மூன்றினை அறிந்தால் ஏனையவை எளிதில் விளங்கும்.

முதலாவது நேர்மை. இவ்விதியை நிலைநாட்டிய புகழ்பெற்ற வழக்கு, மலாயாவுக்கு அண்மையிலுள்ள சுமத்ராவில் பிறந்தது. பெங்கூலு நகரின் மார்ல்பரோ கோட்டை பகைவர் கைப்பட்டால் ஈடு தரவேண்டும் என்று அதன் ஆளுநர் கார்ட்டர் இலண்டனில் காப்புறுதி பெற்றார். 1760இல் பிரெஞ்சுக்காரர் கோட்டையைக் கைப்பற்றினர். கோட்டையின் வலுவின்மையை அவர் மறைத்தார் என்று கூறிப் பணம் தர மறுத்தனர். 1766இல் தீர்ப்பளித்த மான்ஸ்பீல்டு பிரபு, இரு தரப்பாரும் உண்மையை மறைத்தலாகாது என்னும் நெறியை வகுத்தார். ஆயினும் அவ்வழக்கில் கார்ட்டருக்கே வெற்றி. கடமை காப்புறுதி விற்பவருக்கும் உண்டு என்பது அத்தீர்ப்பில் பலர் மறந்துவிடும் பகுதி. மலேசியாவின் 2013ஆம் ஆண்டு நிதிச் சேவைச் சட்டம், தனிமனிதர் எடுக்கும் காப்புறுதியில் இதனை மேலும் தெளிவாக்கியது. நிறுவனம் திட்டவட்டமாக வினவ வேண்டும். எடுப்பவர் தக்க கவனத்தோடு உண்மையாக விடையளிக்க வேண்டும். வீட்டிலேயே தொழில் நடத்துவோரும் வீட்டை வாடகைக்கு விட்டோரும் அதனை அறிவித்தல் இன்றியமையாதது.

இரண்டாவது ஈடு. இழந்த அளவுக்கே ஈடு; அதற்குமேல் ஊதியம் இல்லை. இரு நிறுவனங்களில் காப்புறுதி எடுத்தாலும் ஒரு வீட்டுக்கு இரு வீடு கிடைக்காது. தீ ஒருவருக்கு இலாபமாகுமாயின் தீவைப்போர் பெருகுவர் என்பதே இவ்விதியின் அடிப்படை.

மூன்றாவது விகிதம். இதனை அறியாமல் கலங்குவோர் மிகப் பலர். ஒரு வீட்டைத் திரும்பக் கட்ட 120,000 ரிங்கிட் ஆகும் என்று கொள்வோம். கட்டணத்தைக் குறைக்க எண்ணி உரிமையாளர் 80,000 ரிங்கிட்டுக்கே காப்புறுதி எடுத்திருக்கிறார். சமையலறை எரிந்து 30,000 ரிங்கிட் இழப்பு. எண்பதாயிரத்துக்குள் முப்பதாயிரம் அடங்குவதால் முழுத் தொகையும் கிடைக்கும் என்று அவர் நினைப்பார். ஆனால் மூன்றில் இரு பங்குக்கே அவர் காப்புப் பெற்றிருந்தமையால், இழப்பிலும் மூன்றில் இரு பங்காகிய 20,000 ரிங்கிட்டே கிடைக்கும். எஞ்சிய ஒரு பங்குக்கு அவரே காப்பாளர். காப்புத் தொகையைக் கணக்கிடும்போது நிலத்தின் விலையைச் சேர்க்க வேண்டுவதில்லை, நிலம் எரிவதில்லை. திரும்பக் கட்டும் செலவே கணக்கு. பத்தாண்டுக்கு முன் எழுதிய தொகை இன்றைய கூலிக்கும் சிமெண்டுக்கும் போதாது என்பதை ஆண்டுதோறும் நினைவுகூர்தல் நன்று.

எந்தக் காரணத்தால் நேர்ந்த தீ என்பதும் ஒப்பந்தத்தின் உள்ளே அடங்கும். 1906ஆம் ஆண்டு ஏப்ரல் 18ஆம் நாள் சான் பிரான்சிஸ்கோவில் நிலம் அதிர்ந்து, பின்னர் நகரம் எரிந்தது. அழித்தது தீயா, நிலநடுக்கமா என்னும் வழக்கில் பல நிறுவனங்கள் தொகையைக் குறைத்தன, சில நொடித்தன, முழுதும் செலுத்தியவை நற்பெயர் பெற்றன. மலேசியாவின் அடிப்படைத் தீக் காப்புறுதி தீ, இடி, வீட்டு எரிவாயு வெடிப்பு ஆகியவற்றுக்கே உரியது. வெள்ளம், கலவரம் போன்றவற்றுக்கு எந்த ஏட்டில் எவ்வளவு காப்பு என்பதைத் தனித்தனியே பார்த்தல் வேண்டும். வங்கிக்காக எடுத்த காப்புறுதி பெரும்பாலும் கட்டடத்துக்கு மட்டுமே. கட்டில், குளிர்பெட்டி, துணிமணி ஆகியவற்றுக்கு வீட்டுப் பொருள் காப்புறுதி வேறு. லயத்தில் முதலாளியின் கட்டடம் காக்கப்பட்டுத் தொழிலாளியின் பெட்டி விடப்பட்ட பழைய நிலை, இவ்வாறு சொந்த வீட்டிலும் ஓசையின்றித் தொடரக்கூடும்.

சாம்பலின்மேல் நின்று

தீ அணைந்தபின் செய்யவேண்டியவற்றுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. உயிர்கள் பாதுகாப்பாக உள்ளமையை உறுதி செய்தபின், தீயணைப்பு மீட்புத் துறை அனுமதிக்கும்வரை உள்ளே செல்லலாகாது. மின்சாரமும் எரிவாயுவும் துண்டிக்கப்பட வேண்டும். காவல் நிலையத்தில் உடனே புகார் பதிய வேண்டும். தீயணைப்புத் துறையின் அறிக்கைக்கு விண்ணப்பித்தல் வேண்டும். காப்புறுதி நிறுவனத்துக்கும், கடன் இருப்பின் வங்கிக்கும் தாமதமின்றித் தெரிவித்து, தெரிவித்த நாளையும் பேசியவர் பெயரையும் குறித்துக்கொள்ளல் நலம்.

அடுத்து வருவது ஆவலை அடக்கும் கடமை. எரிந்தவற்றை வாரிக் கொட்டிவிட்டு வீட்டைக் கழுவிவிட மனம் துடிக்கும். ஆனால் எரிந்த பொருளே இழப்பின் சான்று. இழப்பை மதிப்பிடுபவர் வந்து காணும்வரை அவற்றை விட்டுவைத்து, அறை அறையாகப் படம் எடுத்தல் வேண்டும். மழை உள்ளே புகாமல் தார்ப்பாய் கட்டுவது போன்ற காவற் செயல்களைச் செய்யலாம், செய்வது கடமையுமாகும். அவற்றுக்கான பற்றுச்சீட்டுகளைப் பாதுகாக்க வேண்டும்.

பின்னர்ப் பட்டியல். ஒவ்வோர் அறையிலும் என்னென்ன இருந்தன, எப்போது வாங்கியவை, விலை என்ன என்று குடும்பத்தார் கூடி எழுதல் வேண்டும். பற்றுச்சீட்டு எரிந்திருப்பினும் கடையில் நகல் இருக்கலாம். திருமண நாளில் எடுத்த நிழற்படத்தின் பின்புறத்தில் அலமாரி தெரியலாம். உறவினர் வீட்டிலுள்ள படங்கள் இத்தருணத்தில் சான்றாகும். மதிப்பீட்டாளரை அனுப்புவது காப்புறுதி நிறுவனம்; ஆயினும் அவர் உரிமம் பெற்றுத் தொழில் புரிபவர். அவரிடம் மிகைப்படுத்திக் கூறுவது முழுக் கோரிக்கையையும் கெடுக்கும். குறைத்துக் கூறுவது தன்னையே வஞ்சித்தலாகும்.

அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம் ஆகியவற்றைப் பதிவிலாகாவிலும், நிலப்பட்டாவை நில அலுவலகத்திலும் மீண்டும் பெறலாம். இவற்றுக்குக் காவல் துறைப் புகாரின் படி துணைசெய்யும். கடன் எஞ்சியுள்ள வீடாயின் ஈட்டுத் தொகையில் வங்கிக்கு உரிமை உண்டு. ஆகவே அத்தொகை வீட்டைத் திரும்பக் கட்டச் செல்கிறதா, கடனைக் கழிக்கச் செல்கிறதா என்பதை முன்கூட்டியே எழுத்தில் கேட்டறிதல் வேண்டும். ‘முழுமையான இறுதித் தீர்வு’ என்று எழுதிய தாளில், தொகை ஒப்புதலாகும்வரை கையெழுத்திடலாகாது. நிறுவனத்தின் முடிவு நேர்மையற்றது என்று தோன்றின், முதலில் அந்நிறுவனத்திடமே எழுத்தால் முறையிடலாம். அதன் இறுதி விடையும் மனநிறைவு தராவிடின் நிதிச் சந்தை நடுவர் சேவையை நாடலாம். முன்னர் இருந்த இரு அமைப்புகள் இணைந்து 2025 சனவரி 1 முதல் இயங்கும் இச்சேவையில் பொதுமக்களுக்குக் கட்டணம் இல்லை. இறுதி விடை கிடைத்தபின் காலம் தாழ்த்தாமல் செல்லுதல் வேண்டும். வழக்கறிஞர் இன்றியே செல்லலாம்.

ஈடு இல்லாதவை

எழுத்தில் விலை குறிக்க முடிந்தவற்றையே காப்புறுதி ஈடு செய்கிறது. 1981ஆம் ஆண்டு மே இறுதியிலும் சூன் தொடக்கத்திலும் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் அரிய ஓலைச்சுவடிகளும் அழிந்தன. கட்டடம் மீண்டும் எழுந்தது. அச்சிட்ட நூல்கள் பல மீண்டும் வந்தன. படியெடுக்கப்படாத சுவடி மட்டும் வரவில்லை. எதற்குப் படி இருந்ததோ அது பிழைத்தது. எதற்குப் படி இல்லையோ அது தீயோடு போயிற்று. ஒரு நூலகத்துக்கு உண்மையானது ஒரு வீட்டுக்கும் உண்மையே. பாட்டனின் ஒரே நிழற்படம், தாயின் கையெழுத்து, தமிழ்ப்பள்ளியில் பெற்ற முதற் சான்றிதழ் ஆகியவற்றுக்கு எந்த நிறுவனமும் ஈடு தர இயலாது. அவற்றுக்கு ஒரே காப்பு, வேறோர் இடத்தில் உள்ள ஒரு படி.

லூனாஸ் வட்டாரத்து லயங்கள் பல இன்று இல்லை. அவற்றில் வாழ்ந்தோரின் பெயரர் செங்கல் வீடுகளில் உறங்குகின்றனர். அவ்வீடுகளின் அலமாரியில், தடித்த உறையொன்றில், ஆங்கிலத்திலோ மலாயிலோ அச்சிட்ட ஒரு காப்புறுதி ஏடு கிடக்கிறது. கட்டணம் செலுத்தியவருக்கு அதைப் படிக்கும் பயிற்சி இல்லாதிருக்கலாம். பள்ளியில் படிக்கும் அவர் பிள்ளைக்கு உண்டு. ஒரு மாலைப்பொழுதில் அப்பிள்ளை அவ்வேட்டை எடுத்துத் தன் பெற்றோருக்குத் தமிழில் எடுத்துரைக்கட்டும்: காப்புத் தொகை எவ்வளவு, கட்டடத்துக்கா, பொருளுக்குமா, எந்த நாளில் முடிகிறது? முக்கியமான பத்திரங்களுக்குப் படியெடுத்து அத்தை வீட்டிலோ மாமா வீட்டிலோ ஒன்று வைக்கட்டும். கட்டுரைப் பயிற்சிக்கும் கணக்குப் பாடத்துக்கும் இதனினும் பொருத்தமான ஒரு வீட்டுப்பாடம் அரிது.

தகரப் பெட்டியை இழந்தவள் தன் இழப்பை எவரிடமும் மெய்ப்பிக்க இயலாமல் நின்ற காலம் ஒன்று இருந்தது. அவளிடம் பொருள் இருந்தது, ஏடு இல்லை. அவள் பேத்தியிடம் ஏடு இருக்கிறது. அதைப் படித்து வைப்பதே, அந்தப் பாட்டிக்கு அவள் செலுத்தக்கூடிய நன்றிக்கடன்.